அய்யனார் கோவில் அடிவாரத் தோப்புகளும் அடிமரப் பராமரிப்பும்

இராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோவில் அமைந்திருக்கிறது. மலையினின்று இறங்கும் ஆறு கோவிலை ஒட்டிப் பாய்கிறது. அந்நீர் இராஜபாளையம் நகரத்தாருக்குக் குடிநீராகவும் உதவுகிறது. கோவிலுக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நிறைந்துள்ளன. சப்பட்டை மாம்பழத்தால் இவ்வூருக்கு ஏற்பட்டுள்ள நற்பெயர் யாவரும் அறிந்ததே. தோப்பு முடியுமிடத்தில் காடு தொடங்குகிறது. காட்டு மரத்தின் கிளையும் தோப்பு மரத்தின் கிளையும் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இத்தகைய தோப்புகளில் முதிர்ந்த மாமரங்கள் பல உண்டு. அவற்றுள் சில அடிமரத்தில் பொந்து விழுந்தும், பட்டை வெடித்தும், மரத்தூள் உதிர்த்தும் நிற்கும். அவ்வாறான மரத்தைக் கண்ட மர வியாபாரி, "இன்று விற்றால் பலகைக்கு விலை உண்டு, நாளை விறகுதான்" என்று சொல்லுவார். அண்டைத் தோப்புக்காரர், பொந்தில் சிமெண்டு கொட்டி அடைத்துவிடும்படி யோசனை கூறுவார். வேறொருவர், மரத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பார். தாத்தா காலத்து மரம் ஒன்றை வெட்டிவிட்டால் அதைத் திரும்ப எழுப்ப ஒரு தலைமுறை ஆகும். வெட்டவேண்டியதை வெட்டாது விட்டால் அது பாதையில் விழுந்து ஆளையோ மாட்டையோ கொல்லக்கூடும். ஆகவே எந்த மரத்தை வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்பதை நிலச்சொந்தக்காரர்கள் தாமே அறிந்து தீர்மானித்தல் அவசியமாகும். அதற்கு முதலில் அடிமரத்தின் அமைப்பை அறிந்துகொள்ளவேண்டும்.

அடிமரத்தின் அமைப்பு

மாமரத்தின் அடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வெளியே பட்டையும், அதன் உட்புறத்தில் ஈரமான உள்பட்டையும், அதற்குள் வெளிறு என்னும் இளமரமும், நடுவில் முதிர்ந்த மரமும் இருக்கக் காணலாம். இலைகள் சமைக்கும் உணவு உள்பட்டை வழியே வேருக்கு இறங்குகிறது. வேர் உறிஞ்சும் நீர் வெளிறு வழியே மேலேறுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே காகிதம் போன்ற மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. மரம் ஆண்டுதோறும் பருப்பது இப்படையினாலேயே. நடுமரத்தில் உயிர் இல்லை. அது மரத்தைத் தாங்கும் தூண் மாத்திரமே.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, நடுமரம் உளுத்துப் பொந்தானபோதிலும் வெளிறும் பட்டையும் நலமாயிருந்தால் மரம் பல்லாண்டு பூத்துக் காய்க்கும். இரண்டாவது, நடுமரம் கல்போல் உறுதியாயிருந்தபோதிலும் பட்டையைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு உரித்துவிட்டால் வேர் உணவின்றி இறக்கும், மரமும் பட்டுப்போகும். மாட்டைக் கட்டிய கயிறு நாள்தோறும் உராய்வதும், சருகைக் குவித்து மரத்தடியில் தீ வைப்பதும், மருந்துக்கென மருத மரத்தின் பட்டையைச் சுற்றிலும் செதுக்கி எடுப்பதும் இக்கேட்டையே செய்கின்றன. தீப்பட்ட பட்டை உடனே உதிராது. சில மாதங்களுக்குப் பின்னரே பிளந்து கழலும். அப்பொழுது சொந்தக்காரர் காரணம் தெரியாமல் நோய் என்று எண்ணிக்கொள்வார்.

மாவும் தென்னையும்

தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரமுள்ளவற்றை மரம் என்றும், புறத்தே வயிரமுள்ளவற்றைப் புல் என்றும் வகுத்திருக்கிறது. தென்னையும் பனையும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இப்பாகுபாடு தோப்பு வேலைக்கு மிகவும் பிரயோஜனமானது. மாமரத்தின் காயத்தை வளர்படை நாளடைவில் புது மரத்தால் மூடிவிடும். தென்னைக்கு அத்தகைய வளர்படை கிடையாது. ஆகையால் தென்னையின் உடலில் வெட்டிய வெட்டு அது உயிரோடிருக்கும் வரையில் ஆறுவதில்லை. ஏறுவதற்கென்று தென்னையில் படி வெட்டுவது, கம்பி கட்ட ஆணி அடிப்பது, அரிவாளைக் கொத்தி வைப்பது ஆகிய பழக்கங்கள் யாவும் பூச்சிக்கும் நோய்க்கும் திறந்த வாயில்களாகும்.

மாவின் தண்டு துளைப்பான்

மாமரத்து அடிமரத்துக்குக் கொடிய பகை தண்டு துளைக்கும் வண்டு. இது சுமார் இரண்டு அங்குல நீளமுள்ள சாம்பல் நிற வண்டு. நீண்ட மீசைக் கொம்புகளை உடையது. தாய்வண்டு பட்டையின் வெடிப்புகளிலும் காயங்களிலும் முட்டையிடும். பொரித்து வரும் புழு வெண்ணிறமாயும் தடித்தும் இருக்கும். முற்றிய புழு மூன்று அங்குலத்துக்கு மேலும் வளரும். அது வெளிற்றைக் குடைந்து மாதக்கணக்கில் உள்ளேயே வாழும். துவாரத்தின் வாயிலில் மரத்தூளும் கழிவும் தொங்குவதும், ஒரு கிளை மாத்திரம் இலை பழுத்து வாடுவதும் இதன் அடையாளங்கள். பல துவாரங்கள் சேர்ந்து மரத்தைச் சுற்றி வந்துவிட்டால் பெரிய மரமும் மாண்டுபோகும்.

இதற்குச் செய்யவேண்டியவை பின்வருமாறு. மரத்தூள் தள்ளும் துவாரத்தைக் கூரிய கத்தியால் சுத்தம் செய்து, முனை வளைந்த கம்பியை உட்செலுத்திப் புழுவைக் குத்தி வெளியே இழுத்துக் கொல்லவேண்டும். பின்னர் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே திணித்து, வாயிலைக் களிமண்ணால் பூசி அடைக்கவேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்வையிட்டு, புதிய மரத்தூள் காணப்பட்டால் மறுபடியும் செய்யவேண்டும். தாய்வண்டு முட்டையிடாமல் தடுக்க, அடிமரத்தின் உதிர்ந்த பட்டையைச் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து மூன்று அடி உயரம் வரை ஒரு பங்கு தாரும் இரண்டு பங்கு மண்ணெண்ணெயும் கலந்து பூசலாம். மீட்க முடியாதபடி துளைக்கப்பட்ட கிளைகளை வெட்டி எரித்துவிடவேண்டும்; விறகாகத் தோப்பிலேயே அடுக்கி வைத்தால் உள்ளிருக்கும் புழுக்கள் வண்டாகி மீண்டும் வரும்.

இலவ மரமும் இவ்வண்டுக்கு உணவாகும். விருதுநகர் ஜில்லாவில் தீப்பெட்டித் தொழில் பெருகியிருப்பதால், இலவு போன்ற மென்மரங்களைப் பயிரிடப் பலருக்கு விருப்பம் உண்டாவது இயல்பே. ஆயினும் மாந்தோப்பின் ஓரத்தில் இலவு வைப்பது வண்டுக்கு விருந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

தென்னையின் பகைவர்

தென்னை மரத்தில் சிவப்புக் கூன்வண்டு இறங்கினால் வெளியே தெரிவதற்குள் பெருநஷ்டம் நேர்ந்துவிடுகிறது. தண்டில் சிறு துவாரம், அதிலிருந்து வடியும் பழுப்பு நிறச் சாறு, மென்று தள்ளிய நார் ஆகியவை இதன் குறிகள். காதை மரத்தில் வைத்துக் கேட்டால் புழு நறநறவென்று கடிக்கும் ஓசையும் கேட்பதுண்டு. இவ்வண்டு புதிய காயத்தின் மணத்தை நாடி வருவது. ஆகவே பச்சை மட்டைகளை வெட்டாதிருத்தல் நலம். வெட்டியே தீரவேண்டுமாயின் தண்டிலிருந்து நான்கு அடி மட்டையை விட்டு வெட்டும்படி கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறுகின்றனர்.

காண்டாமிருக வண்டு குருத்தைக் குடையும்போது உண்டாகும் காயத்தின் வழியாகவும் கூன்வண்டு நுழையும். காண்டாமிருக வண்டோ எருக்குழியிலும் மட்கும் தென்னங்கட்டையிலும் முட்டையிட்டுப் பெருகுவது. ஆதலால் இறந்த தென்னையை ஒருநாளும் தோப்பில் நிற்கவோ கிடக்கவோ விடலாகாது. எருக்குழியை அடிக்கடி கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதோடு, அப்புழுக்களுக்கு நோயை உண்டாக்கும் மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணத்தையும் குழியில் இடலாம்.

தண்டின் வெடிப்பிலிருந்து செந்நிறச் சாறு வடியும் நோய் வேறு. இது பூஞ்சணத்தால் வருவது. கெட்டுப்போன பாகத்தை உளியால் நல்ல பாகம் தெரியும் வரையில் செதுக்கி எடுத்து எரித்துவிட்டு, அவ்விடத்தில் போர்டோப் பசையைத் தடவவேண்டும். மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுவதும் நலம் தரும். போர்டோப் பசையாவது, மயில்துத்தம் 1 கிலோவும் நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவும் தனித்தனியே 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒன்றாய்க் கலப்பது. இரும்புப் பாத்திரத்தில் செய்யலாகாது. இக்கலவையின் பயனை பிரான்சு தேசத்து மில்லார்டே என்பவர் 1885-ஆம் ஆண்டில் வெளியிட்டார்; திராட்சைக் கொடிகளுக்காகக் கண்ட மருந்து இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

பொந்தும் அதன் குடிகளும்

இனி, பொந்து விழுந்த மாமரத்தைக் கவனிப்போம். அதைப் பயனற்றதென எண்ணுவது தவறு. பட்ட கிளையில் மரங்கொத்தியும் குக்குறுவானும் துளையிட்டுக் கூடு அமைக்கின்றன. அவை விட்டுப்போன பின் அதே துளையில் கிளியும் மைனாவும் புள்ளி ஆந்தையும் குடியேறுகின்றன. பெரிய பொந்தில் கூகை தங்கும். மரநாயும் பகலில் உறங்கும். பொந்துத் தேனீக்கள் அடுக்கடுக்காய்த் தேனடை வைக்கும். மலைக்காட்டிலுள்ள இருவாட்சிப் பறவைக்கு முதிர்ந்த பெருமரத்தின் இயற்கைப் பொந்தே பிரசவ அறை. பெண்பறவை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ள, ஆண்பறவை ஒரு பிளவின் வழியே பழம் ஊட்டுகிறது. தானாகத் துளையிடும் ஆற்றல் அப்பறவைக்கு இல்லை. பெருமரம் அழிந்தால் அதற்கு வேறு கதியில்லை.

இக்குடிகளுள் பல விவசாயிக்குக் கூலி வாங்காத வேலையாட்களாவர். மரங்கொத்தி எறும்புகளையும் மரத்தைக் குடையும் புழுக்களையும் கொத்தித் தின்கிறது. கூகை இரவெல்லாம் எலி பிடிக்கிறது. எலியால் தென்னங் குரும்பைகளுக்கு நேரும் நஷ்டம் தோப்புக்காரர் அறியாததன்று. தேனீ மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகிறது. கிளி போன்றவை பழத்தைக் கொறிப்பதும் உண்மையே. வரவையும் செலவையும் சேர்த்துப் பார்க்கவேண்டுமேயன்றி ஒரு பக்கத்தை மாத்திரம் எழுதிக் கணக்கை முடிக்கலாகாது.

சாம்பல் அணில்

இந்த அடிவாரத்துக்கே உரிய விருந்தாளி சாம்பல் நிற மலை அணில். சாதாரண அணிலைப் போலன்றிப் பூனை அளவுக்கு வளர்ந்து, நீண்ட வாலை உடையது. இந்தியாவின் தென்பாகத்திலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை. இதன் பொருட்டு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு சுமார் 480 சதுர கிலோமீட்டர் காடு 1988-ஆம் ஆண்டில் சரணாலயமாக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் இதுவும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயின. சிவகாசிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராயிருந்து பின்னர் புகழ்பெற்ற வன உயிரின ஆராய்ச்சியாளரான ஜான்சிங் என்பவரும் ஜோஷுவா என்பவரும் இவ்வணிலைப் பற்றியும், மனிதரால் அதன் வாழிடத்துக்கு நேரும் இடையூறுகளைப் பற்றியும் ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டனர்.

இவ்வணில் பெரும்பாலும் உயர்ந்த மரக்கவட்டில் குச்சியும் இலையும் கொண்டு பந்துபோல் கூடு கட்டும். தரையில் இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே இரை தேடும். ஆகையால் கிளைகள் தொடர்ந்து நிற்பதே அதற்குச் சாலை. ஓடைக்கரையின் மருதமும் நாவலும், தோப்பின் மாவும் புளியும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் வரையில் அது பிழைக்கும். நடுவே பத்து மரங்களை வெட்டினால் சாலை அறுந்து, அது தரையிறங்கி நாய்க்கு இரையாகும்.

அது மாங்காயைத் தின்பதை மறைக்கவேண்டியதில்லை. உலகம் முழுவதற்கும் உரிய ஒரு பிராணியைக் காக்கும் செலவு காட்டோரத்துத் தோப்புக்காரர் சிலர் தலையிலேயே விழுகிறது என்பது நியாயமான குறை. ஆயினும் அதைக் கொல்லுவதோ பிடிப்பதோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பெருங்குற்றம். அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டுள்ளது. காட்டை ஒட்டிய வரிசையில் நாட்டு மாவும் புளியும் விட்டுவைத்து, விலையுயர்ந்த ஒட்டு மரங்களை உட்புறமாக, கிளை தொடாத தூரத்தில் நடுவது நஷ்டத்தைக் குறைக்கும் வழியாகும்.

பொந்து மரத்தைச் சோதித்தல்

முதலில் மரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். வீடு, களம், பாதை, மின்கம்பி ஆகியவற்றின் மேல் விழக்கூடிய மரத்துக்கு ஒரு நீதி. தோப்பின் மூலையில் நிற்கும் மரத்துக்கு வேறு நீதி. பின்பு மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் பொந்துள்ள இடம் பறையோசை போல் ஒலிக்கும். பொந்தைச் சுற்றியுள்ள நல்ல மரத்தின் கனம், அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலிருந்தால் மரம் காற்றைத் தாங்கும் என்பது பொதுவான மதிப்பு. உதாரணமாக, ஒன்பதரை அடிச் சுற்றளவுள்ள மரத்தின் ஆரம் சுமார் பதினெட்டு அங்குலம். அதில் நல்ல மரம் ஆறு அங்குல கனமாவது சுற்றிலும் இருக்கவேண்டும். பொந்தின் வாய் அகன்றிருந்தாலும், மரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தாலும், அடியில் காளான் முளைத்து வேர் உளுத்திருந்தாலும் இம்மதிப்பை நம்பலாகாது.

சந்தேகமுள்ள மரத்தை உடனே அடியோடு வெட்டவேண்டுமென்பதில்லை. மேற்பாரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மரத்தடியில் ஆட்கள் தங்காமலும் மாடு கட்டாமலும் வேலியிட்டுவிட்டால், அம்மரம் பறவைகளுக்கு உதவிக்கொண்டே தன் காலத்தைக் கழிக்கும். காற்றுக் காலத்துக்கு முன் ஆண்டுக்கொரு முறை சோதித்தல் போதும்.

சிமெண்டும் வெட்டுக்காயமும்

பொந்தில் சிமெண்டு நிரப்புவது முன்னாளில் எங்கும் நல்ல முறையென்று கருதப்பட்டது. 1970-களில் அமெரிக்க வன இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஏராளமான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து, மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்ட பாகத்தைச் சுவரெழுப்பி அடைத்துவிடுகிறது என்று விளக்கினார். பொந்தைச் சுத்தம் செய்வதாக எண்ணி நல்ல மரம் வரையில் செதுக்கினால் அச்சுவரை நாமே இடித்தவராவோம். காற்றில் மரம் வளைகிறது, சிமெண்டு வளைவதில்லை. இடுக்கில் நீர் தங்கி உளுப்பு அதிகரிக்கும். எனவே மாமரப் பொந்தை அடைக்காமலும், நீர் வடியவென்று துளை போடாமலும் விடுவதே நலம். வீட்டருகிலுள்ள பொந்தில் மழைநீர் தங்கினால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடக்கூடும்; அத்தகைய பொந்தை மட்டும் உலர்ந்த மணலால் நிரப்பலாம்.

கிளையை வெட்டும்போது அடிமரத்தோடு ஒட்ட அறுப்பதும் தவறு. முழம் நீளம் மொட்டையாக விடுவதும் தவறு. கிளை தொடங்குமிடத்தில் கழுத்துப்பட்டை போல் சிறு பருமன் தெரியும். அதைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே அறுத்தால் புதுமரம் வளையமாக வந்து மூடிக்கொள்ளும். பெரிய கிளையை முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்துப் பின் மேற்புறம் அறுத்தால் பட்டை கிழியாது. மேலே கூறிய தார்க்கலவை முழுப்பட்டையின்மேல் வண்டைத் தடுப்பதற்கேயன்றி வெட்டுக்காயத்தை ஆற்றுவதற்கன்று. புல்லுருவி பற்றிய கிளையைப் புல்லுருவி ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அது காய்ப்பதற்கு முன்னரே, அறுத்துவிடவேண்டும். மலர்கொத்திப் பறவை அதன் விதையை மரத்துக்கு மரம் கொண்டுபோகும்.

குத்தகையும் கிராம அதிகாரிகளும்

மாந்தோப்புகள் பூத்தவுடன் மகசூலைக் குத்தகைக்கு விடுவது வழக்கம். குத்தகைதாரருக்குக் காயின்மேல் கவலையேயன்றி அடிமரத்தின்மேல் கவலை இருப்பதில்லை. ஆகையால் மரத்தில் ஆணி அடிப்பதில்லை, அடியில் தீ மூட்டுவதில்லை, மாடு கட்டுவதில்லை, மரத்தூள் கண்டால் உடனே தெரிவிப்பது என்னும் நான்கு நிபந்தனைகளைக் குத்தகைச் சீட்டில் எழுதிக்கொள்ளுதல் நலம். எழுத ஆகும் செலவு ஒன்றுமில்லை.

மரத்தை வெட்டுவதென்று தீர்மானித்தால், மலைப்பகுதி என அறிவிக்கப்பட்ட கிராமங்களில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி பெறவேண்டும். தம் கிராமம் இதில் சேர்ந்ததா என்பதைக் கிராம நிர்வாக அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டறிவது வழக்குகளைத் தவிர்க்கும். வெட்டுமுன் கூடும் குஞ்சும் உள்ளனவா என்று பார்த்து, இருந்தால் அவை பறக்கும் வரை பொறுப்பது தகும். வெட்டிய மாங்கட்டையை மண்ணில் போட்டுவைத்தால் கறையானும் உளுவண்டும் விரைவில் பற்றும். உடனே பலகையாக அறுத்து, நிழலில் இடைக்குச்சி வைத்து அடுக்கி உலர்த்தினால் பெட்டிகளுக்கும் சாதாரண மேசை நாற்காலிகளுக்கும் நன்கு உதவும்.

அய்யனார் இரவில் குதிரை ஏறி ஊரைக் காவல் செய்கிறார் என்பது கிராமத்தார் நம்பிக்கை. அவர் பெயரால் ஊர்தோறும் விடப்பட்ட கோவிற்காடுகளில் கோடரி விழாமையால் இலுப்பையும் மருதமும் நாவலும் தலைமுறை கடந்து நிற்கின்றன. தோப்பைக் காவல் செய்வது மட்டும் தோப்புக்காரரின் வேலையே. முதல் மழைக்கு முன் ஒரு நாள் காலையில் ஒரு கம்பியும் ஒரு மரச்சுத்தியும் எடுத்துக்கொண்டு தம் மரங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பவர், வெட்டவேண்டியது எது, வாழவிடவேண்டியது எது என்பதை வியாபாரி சொல்லாமலே அறிந்துகொள்வார்.